பனையின் இனப்பெருக்கமும் வளர்ச்சியும்

பனை, அரேகேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஒருவித்திலைத் தாவரமாகும். இதன் அறிவியற் பெயர் போராசசு பிளபெலிபர் என்பதாகும். 1753 ஆம் ஆண்டில் கரோலசு லின்னேயசு இப்பெயரை இட்டார். தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வறண்ட சமவெளிகள், வயல் வரப்புகள், கடலோர மணற்பாங்கான நிலங்கள் ஆகிய இடங்களில் பனை மிகுதியாகக் காணப்படுகின்றது. 30 மீட்டர் உயரம் வரை வளரக்கூடியது. நூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

பனையின் பயன்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டுள்ளது. அது எவ்வாறு பிறந்து வளர்கின்றது என்பதைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. வாழையைப் போலப் பக்கக்கன்று விடாது. வெட்டிய அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்காது. கிளையை நட்டோ, ஒட்டுக் கட்டியோ, பதியம் போட்டோ பெருக்கவும் இயலாது. ஒவ்வொரு பனையும் ஒரு விதையிலிருந்தே தோன்றியாக வேண்டும். மேலும், நாம் பனையிலிருந்து பெற்று உண்ணும் பதநீர், நுங்கு, பனம்பழம், பூரான், பனங்கிழங்கு ஆகிய அனைத்தும் அந்த விதை உருவாகி முளைக்கும் வழியின் வெவ்வேறு கட்டங்களே ஆகும். இக்கட்டுரை அவ்வழியை விளக்குகின்றது.

ஆண் பனையும் பெண் பனையும்

பூக்குந் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் ஒரே பூவிலேயே ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் அமைந்திருக்கும். தென்னையில் இவை தனித்தனிப் பூக்களாக இருந்தாலும் ஒரே பாளையில் காணப்படும். பனையிலோ ஆண் பூக்கள் ஒரு மரத்திலும் பெண் பூக்கள் வேறொரு மரத்திலும் தோன்றுகின்றன. இத்தகைய தாவரங்கள் ஈரில்லத் தாவரங்கள் எனப்படும். ஆண் பனையை அலகுப்பனை என்றும் பெண் பனையைப் பருவப்பனை என்றும் அழைப்பது வழக்கம்.

இவ்விரண்டையும் இலையைக் கொண்டோ, தண்டைக் கொண்டோ, விதையின் உருவத்தைக் கொண்டோ உறுதியாகப் பிரித்தறிய முடியாது. பூக்கும் வரை காத்திருக்க வேண்டும். பனை முதன்முதலாகப் பூப்பதற்கு மண்ணையும் நீரையும் பொறுத்து 12 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகும். விதைகளில் ஏறக்குறையச் சரிபாதி ஆணாக அமையும் என்பதால், நுங்குக்காகவோ பழத்துக்காகவோ பனை விதைக்கும் ஒருவர் தாம் விதைத்தவற்றில் பாதி காய்க்காது என்பதை அறிந்தே விதைக்கின்றார். எந்தப் பாதி என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. இளங்கன்றின் மரபணுவிலுள்ள குறிகளைக் கொண்டு பாலைக் கண்டறிவது பற்றி இந்தியாவில் ஆய்வுகள் நடந்துள்ளன. எனினும் உழவர்கள் எளிதாகக் கையாளக்கூடிய முறையாக அது பரவவில்லை.

பேரீச்சையும் ஈரில்லத் தாவரமே. ஆனால் அதன் அடியில் பக்கக்கன்றுகள் தோன்றும். பெண் மரத்தின் பக்கக்கன்றைப் பிரித்து நட்டால் அதுவும் பெண்ணாகவே இருக்கும். எனவே பேரீச்சை வளர்ப்போர் தோட்டம் முழுவதும் பெண் மரங்களை நட்டு, மகரந்தத்துக்கு மட்டும் சில ஆண் மரங்களை வைத்துக்கொள்ள முடிகின்றது. பனையில் இந்த வசதி இல்லை.

பாளையும் பூவும்

பனையின் பூங்கொத்து பாளை எனப்படும். இது ஓலைகளின் கக்கத்திலிருந்து வெளிவருகின்றது. ஆண் பாளை பல கிளைகளாகப் பிரியும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் விரல் தடிப்பிலிருந்து அதனினும் சற்று மிகுந்த தடிப்புள்ள நீண்ட கதிர்கள் காணப்படும். அலகு எனப்படுவது இக்கதிரே. ஆண் பனைக்குப் பெயர் வந்ததும் இதனாலேயே. கதிரின் மேற்பரப்பு செதில்களால் மூடப்பட்டிருக்கும். செதில்களுக்கு அடியிலுள்ள குழிகளில் சிறு பூக்கள் கூட்டமாக மறைந்திருக்கும். இவை ஒரே நேரத்தில் மலர்வதில்லை; ஒன்றன்பின் ஒன்றாகக் குழியிலிருந்து வெளிவந்து மலர்கின்றன. இதனால் ஒரு மரத்திலிருந்து நீண்ட நாட்களுக்கு மகரந்தம் கிடைத்துக்கொண்டிருக்கும்.

பெண் பாளையில் கிளைகள் குறைவு. பூக்கள் பெரியவை, உருண்டையானவை. முதன்முறை காண்போர் அவற்றைப் பூ என்று நினைப்பதில்லை, பிஞ்சு என்றே நினைப்பர். ஒவ்வொரு பெண் பூவின் சூலகத்திலும் மூன்று அறைகள் உள்ளன. அறைக்கு ஒன்றாக மூன்று சூல்கள் இருக்கும். நுங்குக்கு மூன்று கண்கள் இருப்பதன் காரணம் இதுவே. மூன்றில் ஒன்றோ இரண்டோ வளராமற் போனால், காய் ஒற்றைக் கண்ணுடனோ இரட்டைக் கண்ணுடனோ அமையும்.

மகரந்தம் ஆண் மரத்திலிருந்து பெண் மரத்தை அடைவதில் காற்று, பூச்சிகள் ஆகிய இரண்டுக்கும் பங்குண்டு. ஓர் ஆண் மரத்தின் மகரந்தம் சுற்றிலுமுள்ள பல பெண் மரங்களுக்குப் போதுமானது. ஆயினும் காய்க்காத மரம் என்று கருதி ஓர் ஊரின் ஆண் பனைகளை எல்லாம் வெட்டிவிட்டால், எஞ்சிய பெண் பனைகளும் முளைக்கக்கூடிய விதையைத் தர இயலாமற் போகும்.

நுங்கு முதல் பனங்கொட்டை வரை

சூலை அடையும் மகரந்தக் குழாயில் இரண்டு ஆண் கலங்கள் உள்ளன. ஒன்று முட்டைக் கலத்துடன் இணைந்து முளையம் ஆகின்றது. மற்றது சூலின் நடுவிலுள்ள இரு கருக்களுடன் இணைந்து முளைசூழ்தசை என்னும் உணவுச் சேமிப்பை உருவாக்குகின்றது. இது பூக்குந் தாவரங்களுக்கே உரிய இரட்டைக் கருவுறுதலாகும். நெல்லில் நாம் உண்ணும் அரிசியும், தென்னையில் இளநீரும் தேங்காய்ப் பருப்பும் இந்த முளைசூழ்தசையே.

பனையில் இதன் இளம்பருவமே நுங்கு. தொடக்கத்தில் முளைசூழ்தசை கலச்சுவர் எதுவும் இன்றி, எண்ணற்ற கருக்கள் மிதக்கும் நீர்மமாக இருக்கும். பின்னர் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுவர்கள் தோன்ற, நீர்மம் மெல்ல மெல்லக் கூழ்மமாக மாறுகின்றது. பெருவிரலால் கண்ணைக் குத்தி நுங்கை உறிஞ்சும்போது நடுவிலிருந்து தெறிக்கும் இனிப்பு நீர், இன்னும் சுவர் தோன்றாத பகுதியாகும். தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசி மாதங்களில் நுங்கு மிகுதியாகக் கிடைக்கும். சில வாரங்கள் விட்டுவிட்டால் அதே தசை, கலச்சுவர்களில் மானன் என்னும் சர்க்கரைத் தொடர்கள் படிந்து, பல்லால் கடிக்க முடியாத அளவுக்குக் கடினமாகின்றது. முளையம் வளர்வதற்கான உணவு, நீரிலும் பூச்சியிலும் எளிதில் கெடாதவாறு பூட்டி வைக்கப்படுகின்றது எனலாம். நன்கு முற்றிய கொட்டையை வெட்டிப் பார்த்தால் வெண்மையான கடினத் தசையும் நடுவில் வெற்றிடமும் காணப்படும்.

ஆடி, ஆவணி மாதங்களில் பழம் கனிந்து தானாகவே விழுகின்றது. கரிய தோல், மணம் மிகுந்த செம்மஞ்சள் நிறக் களி, களியினூடே ஓடும் நார், உள்ளே வலிய ஓட்டுடன் கூடிய மூன்று கொட்டைகள் என்பது இதன் அமைப்பு. களியைக் காயவைத்துச் செய்யும் பனாட்டு யாழ்ப்பாணத்தில் புகழ் பெற்றது. இத்தனை எடையுள்ள பழம் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து கிடப்பதால், விதை பரவுவதற்கு விலங்குகளின் உதவி தேவைப்படுகின்றது. ஆப்பிரிக்காவில் வளரும் இதன் உறவினமான போராசசு எத்தியோப்பம் மரத்தின் பழங்களை யானைகள் விழுங்கி, நெடுந்தொலைவு சென்று சாணத்துடன் வெளியேற்றுகின்றன. நம் ஊர்களில் மாடுகள் பழத்தைச் சப்பிக் கொட்டையை அங்கங்கே போட்டுவிடுகின்றன. எஞ்சிய வேலையை மனிதரே செய்கின்றனர். வரப்புகளில் நேர்க்கோட்டில் நிற்கும் பனைகள் எவையும் தற்செயலாக முளைத்தவை அல்ல.

முளைத்தல்

பனையின் வாழ்வில் மிகவும் வியப்பான கட்டம் இதுவாகும். அவரை விதையோ புளியங்கொட்டையோ முளைக்கும்போது குருத்து மேல்நோக்கியும் வேர் கீழ்நோக்கியும் செல்வதைப் பள்ளி மாணவர் யாவரும் அறிவர். பனங்கொட்டையில் முதலில் கீழ்நோக்கிச் செல்வது வேர் அன்று. வித்திலையின் காம்பு ஒரு குழாய் போல நீண்டு, கொட்டையின் துளை வழியே வெளிவந்து மண்ணுக்குள் இறங்குகின்றது. முளைவேரும் முளைக்குருத்தும் அதன் நுனியில் இருக்கின்றன. அதாவது, இன்னும் இலைவிடாத குழந்தைச் செடியைப் பனை தானே மண்ணுக்குள் கொண்டுசென்று நடுகின்றது. இளகிய மண்ணில் இக்குழாய் அரை மீட்டருக்கும் மேலாக இறங்கும். தாவரவியலார் இதனைத் தொலைமுளைத்தல் என்பர். தென்னையில் கன்று தேங்காயை ஒட்டியே முளைப்பதுடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வறண்ட நிலத்தில் இவ்வழக்கத்தின் பயன் தெளிவானது. மேல்மண் காய்ந்தாலும், புல் பற்றி எரிந்தாலும், ஆடு மாடுகள் மேய்ந்தாலும், மிதித்தாலும் வளர்முனை ஆழத்தில் பாதுகாப்பாக இருக்கும்.

ஆழத்திலுள்ள முளைக்கு மேலே கிடக்கும் கொட்டையிலிருந்து உணவு செல்ல வேண்டும். இதற்காக வித்திலையின் மறுமுனை கொட்டைக்குள்ளேயே தங்கி, பஞ்சு போன்ற உறிஞ்சுறுப்பாகப் பெருக்கின்றது. நொதியங்களின் உதவியால் கடினத் தசையைக் கரைத்து உறிஞ்சி, குழாய் வழியே கீழே அனுப்புகின்றது. முளைத்த கொட்டையை வெட்டினால் கிடைக்கும் வெண்ணிறமான, இனிப்பான பஞ்சு இதுவேயாகும். இலங்கையில் இதனைப் பூரான் என்பர். தமிழ்நாட்டின் சில இடங்களில் தவுண் என்பர். முளைத்த தேங்காய்க்குள் காணப்படும் பூவும் இதே உறுப்பே. பூரானைத் தின்பவர் முளைக்குச் செல்லவிருந்த உணவைப் பாதி வழியில் பெற்றுக்கொள்கின்றார்.

கீழே இறங்கிச் சேர்ந்த உணவு மாப்பொருளாகத் தேங்கிப் பனங்கிழங்கு ஆகின்றது. கிழங்கு என்று அழைக்கப்பட்டாலும் இது மரவள்ளியைப் போல வேரும் அன்று, உருளைக்கிழங்கைப் போலத் தண்டும் அன்று. குருத்தைச் சூழ்ந்துள்ள உறை போன்ற இலைப்பகுதி தடித்து உண்டானது. தாவரவியல்படி பெயர் பொருந்தாவிட்டாலும், பல தலைமுறைகளாக வழங்கும் சொல்லை மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை. அவித்த கிழங்கைப் பிளந்தால் நடுவில் காணப்படும் மெல்லிய தண்டு போன்ற பகுதி பீலி எனப்படும். உண்பவர் இதனை எடுத்து எறிந்துவிடுவர். மண்ணில் விட்டிருந்தால் பசிய இலையாக வெளிவந்திருக்க வேண்டியது இதுதான்.

கிழங்குக்காகப் பனங்கொட்டைகளை மேடாக்கிய மணற்பாத்திகளில் அடுக்கி முளைக்க வைப்பர். மூன்று, நான்கு மாதங்களில், மார்கழி, தை மாதங்களை ஒட்டிக் கிழங்கைப் பிடுங்குவர். பொங்கலன்று கரும்புடன் பனங்கிழங்கு விற்கப்படுவதற்கு இக்கால ஒழுங்கே காரணம். யாழ்ப்பாணத்தில் கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கிழங்கு எடுத்தபின் எஞ்சும் வெறும் கொட்டை ஊமல் எனப்பட்டு, அடுப்பெரிக்கப் பயன்படுகின்றது.

வடலிப் பருவம்

பிடுங்கப்படாத முளை பல மாதங்கள் கழித்தே முதல் இலையை மண்ணுக்கு மேல் அனுப்புகின்றது. முதலில் வரும் இலைகள் பிளவுபடாத, ஒடுங்கிய நாடா போன்றவை. புல் என்று எண்ணி விடக்கூடும். அடுத்தடுத்த இலைகள் அகன்று பிளவுபட்டு, சில ஆண்டுகளில் விசிறி வடிவத்தை அடைகின்றன. இந்நிலையிலுள்ள இளம்பனை வடலி எனப்படும்.

வடலி பல ஆண்டுகள் உயராமல் அப்படியே நிற்பது போலத் தோன்றும். உண்மையில் மண்ணுக்குள் பெரும் வேலை நடைபெறுகின்றது. வேம்பு, புளி போன்ற இருவித்திலை மரங்களின் தண்டில் மாறிழையம் என்னும் வளையம் உண்டு. அது ஆண்டுதோறும் புதுக் கலங்களை உண்டாக்குவதால் அம்மரங்கள் வாழ்நாள் முழுவதும் பருத்துக்கொண்டே செல்கின்றன. பனைக்கு மாறிழையம் இல்லை. ஆகவே உயரத் தொடங்கும் முன்பே அது தன் வளர்முனையை முழு அகலத்துக்குப் பெருக்கிக்கொள்ள வேண்டும். கட்டடத்துக்கு அடித்தளம் போட்டபின் அகலத்தை மாற்ற முடியாததைப் போன்றது இது. இந்த அடித்தள வேலை முடிந்த பின்னரே தண்டு மேலே எழுகின்றது. அதன்பின் ஆண்டுக்கு ஓர் அடி அளவில் உயர்வது வழக்கம். நல்ல மண்ணில் கூடுதலாகவும் வளரும்.

ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒரு டசன் புதிய ஓலைகள் தோன்றுகின்றன. முதிர்ந்த ஓலை காய்ந்து காவோலையாகி விழும் இடத்தில் தண்டில் ஒரு தழும்பு எஞ்சும். இவற்றை எண்ணி மரத்தின் அகவையைத் தோராயமாகக் கணக்கிடலாம். ஆனால் தண்டு எழுவதற்கு முந்திய வடலி ஆண்டுகளுக்குத் தழும்பு இல்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தண்டின் வெளிப்பகுதியில் நார்க்கட்டுகள் நெருக்கமாகவும் உட்பகுதியில் ஐதாகவும் அமைந்துள்ளன. ஆகையால் புறம் வைரமாகவும் நடுப்பகுதி சோறு போல மென்மையாகவும் இருக்கும். மாறிழையம் இல்லாததால் தண்டில் ஏற்படும் வெட்டுக்காயம் மூடி வளர்வதில்லை. ஒட்டுக் கட்ட முடியாததற்கும் இதுவே காரணம்.

ஒற்றைக் குருத்து

பனையின் உச்சியில், இளம் ஓலைகள் சூழ்ந்த நடுவில் ஒரேயொரு வளர்முனை உள்ளது. எல்லா ஓலைகளும் எல்லாப் பாளைகளும் அதிலிருந்தே பிறக்கின்றன. முருங்கையை முறித்தால் பத்துக் கிளைகள் வெடிக்கும். பனையின் குருத்து அழிந்தால் மரம் முழுவதும் இறக்கும். அதற்கு ஈடாக விழித்தெழும் வேறு மொட்டு எதுவும் கிடையாது. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைப்பதும், குருத்தழுகல் நோய் தாக்குவதும் இதனாலேயே கேடானவை. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதாவரிக் கழிமுகப் பகுதியில் இந்நோயால் ஏராளமான பனைகள் அழிந்தன. அதனை ஆராய்ந்த எட்வின் பட்லர் என்னும் தாவர நோயியலாளர் விவரித்த நுண்ணுயிரே இன்று பைட்டோப்தோரா பால்மிவோரா என அழைக்கப்படுகின்றது. உலகெங்கும் கொக்கோ, தென்னை, இரப்பர் ஆகிய பயிர்களையும் தாக்கும் இது, முதலில் அறியப்பட்டது பனை வகை மரங்களில்தான்.

பாளை சீவுதலும் விதையும்

பனையேறிகள் பாளையை இடுக்கியால் நசுக்கி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவுவர். பூவையும் காயையும் வளர்ப்பதற்காக உரியம் என்னும் குழாய்களில் வரும் சர்க்கரைச் சாறு அவ்வழியே சொட்டுகின்றது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பிடித்தால் பதநீர். தடவாவிட்டால் நொதித்துக் கள்ளாகும். ஆண் பாளை, பெண் பாளை ஆகிய இரண்டும் சீவப்படுகின்றன. சீவிய பெண் பாளை காய்ப்பதில்லை. எனவே ஒரு பருவத்தில் ஒரு பாளை பதநீரைத் தரலாம், அல்லது நுங்கைத் தரலாம், அல்லது பழுத்து விதையைத் தரலாம். மூன்றையும் தர இயலாது.

இந்தப் பங்கீட்டைப் பனையேறிகளும் பனைக்கு உரியோரும் தம் தேவைக்கேற்ப முடிவு செய்து வந்துள்ளனர். பாளை சீவுவதாலோ நுங்கு வெட்டுவதாலோ மரம் இறப்பதில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் பாளை வரும். பனைகள் குறைந்ததற்கு உணவுக்காக எடுத்தவற்றைக் காட்டிலும், மரத்தையே வெட்டியது பெருங்காரணம் எனலாம். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் செங்கற் சூளைகளின் விறகுக்காகப் பனைகள் வெட்டப்பட்டன. இலங்கையின் வட, கிழக்குப் பகுதிகளில் போர்க் காலத்தில் பதுங்குகுழிகளும் அரண்களும் அமைக்கப் பனந்தண்டுகள் பயன்பட்டன. எறிகணைகளால் தலையிழந்து மொட்டையாக நின்ற பனைகளும் ஏராளம். ஒற்றைக் குருத்து இழந்த அவை எவையும் மீளவில்லை. பனை ஏறுவோர் தொகை குறைந்துவருவதும் ஒரு காரணம்: வருவாய் தராத மரத்தை நிலத்துக்கு உரியவர் காப்பதில்லை.

புதிதாக விதைத்தல்

இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் அளிக்கப்பட்ட வேளாண்மைக்கான முதல் தனி நிதிநிலை அறிக்கையில், 76 இலட்சம் பனை விதைகளும் 1 இலட்சம் கன்றுகளும் வழங்கப்படும் எனவும், பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு கட்டாயமாக்கப்படும் எனவும் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு விதைத்தவற்றில் எவை ஆண், எவை பெண் என்பது 2033 ஆம் ஆண்டளவில்தான் தெரியத் தொடங்கும். சில மரங்கள் 2040 வரையும் எடுத்துக்கொள்ளலாம். நுங்கை விட்டுப் பழுக்க விடப்படும் பெண் பனைகளே அதுவரை விதைக்கு ஆதாரம்.

விதைக்க விரும்புவோர் ஆவணி, புரட்டாசி மாதங்களில் நன்கு பழுத்து விழுந்த பழங்களின் கொட்டைகளைப் பயன்படுத்த வேண்டும். கொட்டை நெடுநாள் காய்ந்து கிடந்தால் முளைப்புத் திறன் குறையும். மழைக்கு முன்னர், மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே, மூன்று மீட்டர் இடைவெளியில் ஊன்றுவது சிறந்தது. நாற்றங்காலில் சிறு பைகளில் முளைக்க வைத்தால், கீழே இறங்கும் குழாய் பையின் அடியில் முட்டி வளைந்துவிடும். பாத்தியில் முளைத்ததைத் தோண்டி வேறிடத்தில் நடும்போது ஆழத்திலுள்ள குருத்தும் வேரும் அறுபட்டு, பெரும்பாலும் பட்டுப்போகின்றது. ஊன்றிய இடத்தில் பல மாதங்கள் எதுவும் தெரியாது என்பதால், விதை கெட்டுவிட்டது என்று கருதி உழுதுவிடாமல் இருக்க ஓர் அடையாளக் குச்சியை நட்டு வைக்கலாம்.